ஊவாத் தேயிலையின் பெயரும் கொழுந்தின் எடையும்

பண்டாரவளையான்:
இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலையின் பெயரை, அந்த இடத்துப் பொருளுக்கே உரிய புவிசார் குறியீடாகப் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆடி, ஆவணியில் மலையிடுக்குகளூடாக வீசும் வறண்ட காற்றுப்பட்ட கொழுந்தில் மட்டுமே புதினாவை நினைவூட்டும் அந்தக் குளிர்ந்த வாசம் ஏறுகிறது. பொருளின் தரமோ புகழோ அது பிறந்த இடத்தால் அமைந்திருக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கையான ட்ரிப்ஸின் 22ஆம் உறுப்புரை கேட்கும் இலக்கணம் இதற்கு முழுமையாகப் பொருந்துகிறது. இலங்கைக் கறுவா 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறியீட்டைப் பெற்றுவிட்டது. நாம் ஏன் காத்திருக்கிறோம்?

மஸ்கெலியா ஆசிரியை:
அன்பரே, டார்ஜிலிங்கைப் பாருங்கள். இந்தியாவின் முதற் புவிசார் குறியீடு 2004இல் அதற்கே கிடைத்தது. அத்தேயிலை அயலிலுள்ள தராய், டூவார்ஸ் தேயிலைகளைவிடப் பன்மடங்கு விலைக்குப் போகிறது. ஆனால் மேற்கு வங்கத்தின் அந்த மூன்று பகுதிகளிலும் தொழிலாளரின் நாட்கூலி ஒன்றுதான். பெயர் ஈட்டிய பணம் தொழிலாளரின் வீட்டுக்கு வந்து சேரவில்லை. உற்பத்தியாளர் என்று இத்தகைய ஏற்பாடுகளில் கருதப்படுபவர் காணியோ தொழிற்சாலையோ உள்ளவர். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் வாழும் பெண்ணுக்கு அவ்விரண்டும் இல்லை.

பண்டாரவளையான்:
கூலி வேறு, பெயர் வேறு. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியாக ஆயிரம் ரூபாவை நிர்ணயித்தது சம்பளச் சபை. அதன் வேலையைக் குறியீட்டின் தலையில் ஏற்றினால் இரண்டுமே நடவாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பளித்தாலும், பதிவேடு இல்லாததால் பெயரின் உரிமையை வழக்குக்கு வழக்கு முதலிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. பதிவேட்டுக்கு இடமளித்து 2022ஆம் ஆண்டின் திருத்தம் திறந்த வழியைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்கு நாமே செய்யும் அநீதி.

பசறைப் பிள்ளை:
என் அம்மா ஊவாவில் ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். நீங்கள் இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காற்று வீசும் மாதங்களில் செடி தளிர்ப்பது குறைகிறது. ஏலத்தில் விலை ஏறும் அதே வாரங்களில் கூடையின் எடை இறங்குகிறது. கிலோவுக்குக் கணக்குப் பார்க்கும் தோட்டத்தில் அம்மாவுக்கு அவை அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி, விழும் வாரங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் எடை இன்னும் குறையும். எடைக்காக முற்றிய இலையைச் சேர்த்தாலோ திட்டு விழும். வாசத்துக்குக் காற்றைக் காரணம் காட்டுகிறீர்கள், அந்தக் கிள்ளலும் காரணம்தானே? இயற்கைக் காரணிகளோடு மனிதக் காரணிகளையும் தோற்ற இடப் பெயர்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கையே சேர்த்துச் சொல்கிறது.

மஸ்கெலியா ஆசிரியை:
தம்பி சொல்வதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அப்படியானால் கையால் கிள்ளிய கொழுந்துக்கே ஊவா என்ற பெயர் உரியது என்றும், காற்று மாதங்களில் எடை குறைந்தாலும் முழுப்பேர் வெட்டப்படக் கூடாது என்றும் பதிவுக்கான விவரக்கோவையிலேயே எழுதப்பட வேண்டும்.

பண்டாரவளையான்:
கையால் கிள்ளுவதை எழுதலாம். அது தரத்தைச் சார்ந்தது. முழுப்பேர் பற்றிய நிபந்தனையை ஏற்கத் தயங்குகிறேன். கொழும்பிலிருந்து வரும் பரிசோதகர் அதை எதைக்கொண்டு சரிபார்ப்பார்?

பசறைப் பிள்ளை:
ஒவ்வொருவரும் நாள்தோறும் நிறுத்த கொழுந்தின் எடையும், போட்ட பேர் முழுதா அரையா என்பதும் தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் இருக்கின்றன, ஐயா. தொழிற்சாலையின் தேயிலைக் கணக்கைப் பார்க்க வருகிறவர் அதையும் திறந்து பார்க்கட்டும்.