தம்பிக்கு கடன்: மனசு சொல்றத கேக்கறதா, மூளை சொல்றத கேக்கறதா?

கேள்வி:
தம்பி டீக்கடை வைக்கணும்னு மறுபடி பணம் கேக்கறான், முன்னாடி வாங்கினதே திரும்பி வரல. ஆனா கூடப்பொறந்தவன், ரெண்டு பொண்ணுங்க வேற, எனக்கு மனசு கேக்கல. வீட்டுக்காரர் "உணர்ச்சிய ஓரமா வச்சிட்டு யோசி"ங்கறார். அப்படி வச்சா முடிவு சரியா வருமா?

பதில் 1:
வராதுங்க அக்கா. டமாசியோன்னு ஒரு நரம்பியல் டாக்டர், எலியட்ங்கற பேர்ல தன்னோட நோயாளி ஒருத்தர பத்தி எழுதியிருக்கார். மூளையோட முன்பக்கத்துல கட்டி, ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, அதுக்கப்புறமும் ஐக்யூ, ஞாபகம், பேச்சு எல்லாம் நல்லாதான் இருந்துச்சு, உணர்ச்சி மட்டும் போயிடுச்சு, தனக்கு நடந்த கொடுமைய சொல்றப்பகூட அவருக்கு வருத்தம் வரல. ஆபீஸ்ல பேப்பர தேதிவாரியா அடுக்கறதா சைஸ்படி அடுக்கறதான்னு ஒரு மத்தியானம் பூரா யோசிப்பாராம். வேலை போச்சு, தப்பான ஆளோட பிசினஸ் பண்ணி சேமிப்பு போச்சு, கல்யாணமும் முறிஞ்சுது. எது முக்கியம்னு உள்ள ஒண்ணு சொல்லணும், அது இல்லன்னா கணக்கு மட்டும் ஓடிட்டே இருக்கும்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா மனசு மட்டும் போதாது. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய பாருங்க. டாக்டர் வெங்கடசாமி முடக்குவாதத்துல விரல் கோணிப்போனவர், கவர்மென்ட் வேலைல ரிட்டயர் ஆகி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சார். ஏழைங்க கண்ணு தெரியாம கஷ்டப்படக்கூடாதுங்கறது மனசு. ஆனா காசு குடுக்கறவங்க வருமானத்துல குடுக்க முடியாதவங்களுக்கு இலவசமா பாக்கறது, ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள் போட்டு ஒரு ஆபரேஷன் முடியறதுக்குள்ள அடுத்தவர ரெடி பண்றது, கண்ணுக்குள்ள வைக்கற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகலன்னு 1992ல ஆரோலேப்னு ஒரு தொழிற்சாலை தொடங்கி இங்கயே செஞ்சது, இதெல்லாம் மூளை. வெறும் இரக்கமா இருந்திருந்தா அந்த 11 படுக்கையோடயே நின்னிருக்கும்னு நான் நம்பறேன். அதனால உதவலாமா வேணாமாங்கறத மனசுகிட்ட கேளுங்க, எப்படிங்கறத மூளைகிட்ட கேளுங்க. கையில பணமா குடுக்காம அடுப்பு, பாய்லர், பாத்திரம்னு நீங்களே வாங்கிக் குடுங்க.

பதில் 3:
ஒண்ணு சேத்துக்கறேன். குடுக்கலன்னா அம்மா என்ன நினைப்பாங்க, சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கங்கற பயமும் பாசம் மாதிரியேதான் உள்ள பேசும், உள்ள பேசறது பாசமா பயமான்னு ரெண்டு நாள் ஆறப்போட்டு பாருங்க. கடைக்கு குடுக்கறது எப்படியோ போகட்டும், பொண்ணுங்க ஃபீஸ் பாக்கி இருந்தா அத நேரா ஸ்கூல்ல கட்டிடுங்க அக்கா.