வீட்டுக் கழிவுநீருக்கு கல்வாழைப் படுகை போடலாமா? போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க

மண்வாசம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல 5 பேரு. எங்க பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க் இருக்கு, அதுலேர்ந்து வழியற தண்ணி உறிஞ்சுகுழிக்குப் போகுது. மழை பிடிச்சா குழி ஏத்துக்க மாட்டேங்குது, கொல்லை முழுக்க கருப்பா தேங்கி நிக்குது, குடிக்கற கிணறும் ரொம்ப தள்ளி இல்ல, சின்னப் பசங்க ஓடி விளையாடற இடம் அதனால மனசு கேக்கவே மாட்டேங்குது. ஜல்லி கொட்டி கல்வாழை, நாணல் வெச்சு தண்ணிய சுத்தம் பண்ற முறை ஒண்ணு இருக்காமே, 100 சதுர அடி இடம் ஒதுக்கினா போதுமா? கொசு வருமா, நாத்தம் அடிக்குமா? டாய்லெட் தண்ணிய நேரா அதுல விடலாமா?

வேரும்நீரும்:
தாராளமா போடலாங்க. ஆனா செடிதான் அழுக்க உறிஞ்சி எடுக்குதுன்னு நெனச்சு எறங்காதீங்க. வேலைய பாக்கறது கல்லு மேல படிஞ்சிருக்கற பாக்டீரியா. ஓடிட்டு இருக்கற படுகையில ஒரு கல்ல எடுத்து விரலால தேச்சுப் பாருங்க, வழவழன்னு ஒரு படலம் கையில வரும், அதுதான் அழுக்க தின்னுது. செடி அதுக்குத் துணை, வேர் உள்ள எறங்கி ஜல்லி இறுகாம பாத்துக்கும், கொஞ்சம் காத்தும் கொடுக்கும்.

டாய்லெட் தண்ணிய நேரா விடவே விடாதீங்க. செப்டிக் டேங்க்ல கசடு தங்கி, தெளிஞ்சு வர்ற தண்ணி மட்டும்தான் படுகைக்குப் போகணும்.

அளவுக்கு வரேன். குளிர் நாடுகள்ல ஆளுக்கு 5 சதுர மீட்டர் வரைக்கும் விடுவாங்க, வெயில் இருக்கற எடத்துல பாக்டீரியா சுறுசுறுப்பா இருக்கும்ங்கறதால 3 வெச்சுக்கலாம். உங்களுக்கு 15 சதுர மீட்டர், அதாவது 18 அடி நீளம் 9 அடி அகலம், 100 அடி பத்தாது. ஆழம் 2 அடி, அதுல தண்ணி அரை மீட்டர் நிக்கட்டும். ஜல்லிக்கு நடுவுல இருக்கற சந்து ஏறக்குறைய 40 சதவீதம்னு எடுத்தா உள்ள பிடிக்கற தண்ணி 3000 லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் வெச்சா ஒரு நாளைக்கு 500 லிட்டர் வரும், ஆக 6 நாள் உள்ள தங்கும். தாராளம்.

தண்ணி எப்பவும் ஜல்லிக்கு 2, 3 இன்ச் கீழயே நிக்கணும், மேல வெளியவே தெரியக்கூடாது. அப்படி இருந்தா கொசு முட்டை போட வழியே இல்ல, நாத்தமும் வராது. நாத்தம் வந்தா எங்கயோ அடைப்புன்னு அர்த்தம்.

தோட்டத்துப்புறம்:
அடைப்புன்னு சொன்னதால என் கதைய சொல்லிடறேன், நீங்களாவது தப்பிச்சுக்கட்டும். நான் போட்டு ரெண்டு வருஷம் அருமையா ஓடுச்சு. அப்புறம் தண்ணி நுழையற பக்கம் மட்டும் ஜல்லிக்கு மேல குளம் கட்ட ஆரம்பிச்சுது, மண்வெட்டி போட்டு தோண்டினா கல்லுக்கு நடுவுல கருப்பா களி மாதிரி ஒரே சேறு, முட்டை அழுகின வாடை. ரெண்டு தப்பு பண்ணியிருந்தேன். சமையல்கட்டுத் தண்ணிய எண்ணெய் தடுக்கற தொட்டி இல்லாம நேரா படுகையில விட்டுட்டேன், செப்டிக் டேங்க்ல கசடு எவ்வளவு ஏறியிருக்குன்னு ஒரு தடவகூட தெறந்து பாக்கல. முதல் 3 அடி ஜல்லிய மொத்தமா அள்ளி, கழுவி, திரும்பப் போட வேண்டியதாப் போச்சு, நாலு நாள் வேலை.

இப்ப டேங்க் வாய்ல T எழுத்து மாதிரி இருக்கற ஒரு டீ பைப் மாட்டியிருக்கேன், அது மேல மிதக்கற எண்ணெயையும் விடாது அடியில இருக்கற கசடையும் விடாது, நடுவுல இருக்கற தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுக்கும். தண்ணி நுழையற எடத்துலயும் வெளிய போற எடத்துலயும் கை அளவு பெரிய கல்லு அடுக்குங்க, நடுவுல அரை இன்ச்சுலேர்ந்து முக்கா இன்ச் ஜல்லி, போடறதுக்கு முன்னாடி தூசி போக அலசிடுங்க. கசடு 3 வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுங்க. படுகைய காப்பாத்தறது டேங்க்தான், இத நான் ஜல்லி கழுவித்தான் கத்துக்கிட்டேன்.

மண்வாசம்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வெளிய வர்ற தண்ணிய கீரைப் பாத்திக்கு விடலாமா? கண்ணாடி மாதிரி தெளிவா வரும்னு சொல்றாங்களே.

வேரும்நீரும்:
கீரைக்கு வேணாம். தெளிவா இருக்கறது வேற, கிருமி இல்லாம இருக்கறது வேற. கழிவுநீர்ல 100 மில்லிக்கு ஈ.கோலிங்கற குடல் பாக்டீரியா ஒரு கோடி வரைக்கும் இருக்கும், படுகை அதுல 99 சதவீதம் எடுத்தாக்கூட இன்னும் ஒரு லட்சம் மிச்சம். பச்சையா திங்கற எதுக்கும், தரையில படர்ற எதுக்கும் விடாதீங்க. மரத்துக்கு விடுங்க, அதுவும் மேல தெளிக்காம வேர்ப்பக்கம் மண்ணுக்குள்ள எறங்கற மாதிரி.

பழைய ஓவர்சியர்:
கிணறு பத்தி யாரும் பேசலையே, எனக்கு அதுதான் கவலையா இருக்கு தம்பி. இந்த மாதிரி படுத்தவாக்குல ஓடற படுகைல ஆக்ஸிஜன் கம்மி, அதனால அழுக்கு நல்லா போனாலும் அம்மோனியா பாதிக்கு மேல அப்படியே வெளிய வரும். அது மண்ணுல எறங்கினா நைட்ரேட்டா மாறி கிணத்துக்குப் போயிடும். குடிதண்ணில நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பால்டப்பா குழந்தைகளுக்கு அது நேரடி ஆபத்து. அதனால அடியில கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரிக்காம ஜல்லி கொட்டாதீங்க, ஷீட்டுக்கு மேலயும் கீழயும் மெல்லிசா மணல் போட்டா கல்லு குத்தாது. கடைசியா வர்ற தண்ணி கிணத்துக்கு எறக்கமான பக்கம், எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போகட்டும்.

அம்மோனியாவும் போகணும்னா மேலேர்ந்து கீழ எறங்கற படுகை இருக்கு, விட்டு விட்டு தண்ணி ஊத்தணும், நடுவுல காத்து உள்ள போகும். பிரான்ஸ்ல டேங்க்கே இல்லாம கழிவுநீர அப்படியே இந்த மாதிரி படுகைல மாத்தி மாத்தி விட்டு, மத்தத காயப் போட்டு வெச்சுக்கறாங்க, அது கிராமத்துக்கு மொத்தமா பண்றதுக்கு அருமையான வழி, ஒரு வீட்டுக்கு பாத்துக்க ஆள் வேணும். ஜெர்மனில கேத்தே சைடல்னு ஒரு அம்மா 1950கள்லயே கோரை வெச்சு தண்ணிய சுத்தம் பண்ணிப் பாத்தாங்க, அப்பவே சந்தேகப்பட்டவங்க நிறைய பேரு. இன்னைக்கு உலகம் பூரா இது நடக்குது.

மண்வாசம்:
ஷீட் கண்டிப்பா போடறேன் ஐயா. செடி வெச்ச உடனே தண்ணி விடலாமா?

தோட்டத்துப்புறம்:
விடலாம், ஆனா முதல்ல சின்ன வேர் எட்டற மாதிரி தண்ணிய மேல நிறுத்தணும். அதுக்குத்தான் வெளிய போற பைப்ல ஒட்டாம திருப்பற மாதிரி ஒரு எல்போ, அதாவது முழங்கை மாதிரி வளைஞ்ச பைப் துண்டு, மாட்டுங்கறது, நிமிர்த்தி வெச்சா மட்டம் ஏறும், சாய்ச்சா எறங்கும். பசை போட்டு ஒட்டிடாதீங்க. வேர் பிடிச்சு புதுத் தளிர் வந்ததும் ஒவ்வொரு இன்ச்சா சாய்ச்சுக்கிட்டே வாங்க, வேர் தண்ணியத் தேடி கீழ எறங்கிடும். வெளியூர் போறப்ப மறுபடி நிமிர்த்தி வெச்சுட்டுப் போங்க, இல்லன்னா வெயில்ல செடி காஞ்சிடும்.