சரியாக எழுதிய பிள்ளைகளுக்குக் கூகுள் ஃபார்மில் 'தவறு' என்று வருகிறது, உதவுங்கள்

கரும்பலகை எழுதியது:
வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பத்து வருடமாகச் சேர்த்த வினாத்தாள்கள் எல்லாம் வேர்டு கோப்புகளில், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து இருபது ஒரு வரி வினாக்களை எடுத்துக் கூகுள் ஃபார்மில் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஒட்டியதும் 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி!

சரி என்று, இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் கொடுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள பொது முறையான யூனிகோடுக்கு மாற்றினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இணைப்பைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஒரு பிள்ளை அப்பாவின் போனோடு வந்து நிற்கிறாள். "மிஸ், சரியாத்தான் எழுதினேன், தப்புன்னு காட்டுது." ஆத்திசூடியை இயற்றியவர் யார் என்பது கேள்வி. அவள் எழுதியது: ஔவையார். சரியான விடை என்று கீழே வருவது: ஒளவையார். இரண்டும் ஒன்றுதானே? 31 பேரில் 26 பேருக்கு இதே கதை. மற்ற கேள்விகளில் பிரச்சினை இல்லை.

சும்மா ஒருவன்:
விடைக்குப் பின்னால் இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள் டீச்சர். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

கரும்பலகை:
பார்த்துவிட்டேன். இல்லை.

அச்சுக்கோப்பு:
இருபது வருடமாக டிடிபி (கணினியில் அச்சுக்கோக்கும்) வேலை பார்க்கிறேன். நீங்கள் இங்கே ஒட்டிய இரண்டு வரியிலேயே விஷயம் இருக்கிறது டீச்சர். பிள்ளை எழுதியது சரி, விடைக்குறிப்புதான் தவறு.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்ட எழுத்துரு. வேஷத்தைக் கலைத்தால் உள்ளே இருக்கும் ஜே, கே, பி, ஓ வெளியே வந்துவிடும். ஃபார்மில் முதலில் நீங்கள் பார்த்தது அதைத்தான். அடுத்ததுதான் வில்லங்கம். பாமினியில் ஔ அடிக்க ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடிப்போம். தட்டச்சுப் பொறி காலத்துப் பழக்கம் அது. தாளில் அச்சிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் ஔ தனி எழுத்து. உங்கள் மாற்றி கண்ணால் கண்டதை அப்படியே ஒ, ள என்று இரண்டாக மாற்றி வைத்திருக்கிறது. ஃபார்ம் எழுத்தெழுத்தாக ஒப்பிடும். அதற்கு இரண்டும் வேறு வேறு சொல்.

சோதித்துப் பாருங்கள். விடைக்குறிப்பில் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே முறை தட்டுங்கள். முழுதும் அழிந்தால் அது ஔ. ஒ மட்டும் மிஞ்சினால் அது ஒ-வும் ள-வும்.

கரும்பலகை:
ஒ மிஞ்சி நிற்கிறது! அப்படியானால் சரி என்று வந்த ஐந்து பேர்?

அச்சுக்கோப்பு:
அவர்கள்தான் ஒ-வும் ள-வுமாக அடித்திருப்பார்கள். வேடிக்கைதான்.

விடைக்குறிப்பில் இரண்டு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட விடை கொடுக்கலாம். ஏற்கெனவே வந்த பதில்களுக்கு, பதில்கள் பகுதியில் 'கேள்வி' என்ற தாவலுக்குப் போங்கள். ஒரே மாதிரி எழுதியவை சேர்ந்து நிற்கும், மொத்தமாகச் சரி என்று குறித்துவிடலாம். 26 பேரையும் ஒவ்வொருவராகத் திறக்க வேண்டாம்.

வடமராட்சி வாத்தியார்:
எங்கள் பக்கமும் பாமினிதான், இலங்கையில் அச்சகம் முதல் பாடசாலை வரை அது ஊறிப்போன விஷயம். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள் ரீச்சர். சில மாற்றிகள் அதிபுத்திசாலிகள். ெ-க்கும் ள-வுக்கும் நடுவில் ஒரு எழுத்து வந்தாலே ஔகாரம் என்று முடிவு கட்டிவிடும். 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகிவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மாற்றிய பிறகு கோப்பில் 'வௌ' என்று தேடிப் பாருங்கள், வெளி, வெள்ளம், வெள்ளை எல்லாம் அகப்படும். 'கெள', 'மெள' என்றும் தேடுங்கள். கௌரவம், மௌனம் ஆகியவை அங்கே ஒளிந்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றப் போகாதீர்கள், 'மெள்ள' என்று எங்காவது இருந்தால் அது கெட்டுப்போகும்.

சும்மா ஒருவன்:
இதற்குப் பேசாமல் நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடலாமே.

கரும்பலகை:
சொல்லலாம். ஆனால் பிள்ளைகள் தாங்களே எழுத வேண்டும் என்றுதான் ஒரு வரி விடை வைத்தேன். பட்டனைத் தொடுவதற்குத் தமிழ் வகுப்பு எதற்கு?

அச்சுக்கோப்பு:
அதுவும் சரிதான். புதிதாக அடிப்பதையாவது இனி யூனிகோடில் அடியுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, கோப்புகள்தான் இன்னும் வந்து சேரவில்லை. விரல் பாமினிக்குப் பழகியிருந்தால் பரவாயில்லை, அதே விசைப்பலகை அமைப்பில் யூனிகோடு அடிக்க என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள் இருக்கிறது.

கரும்பலகை:
இரண்டு வடிவத்தையும் சேர்த்துவிட்டேன், 26 பேருக்கும் மதிப்பெண் வந்துவிட்டது. வடமராட்சி ஐயா சொன்னபடி தேடியதில் எட்டாவது கேள்வியிலேயே ஒரு 'வௌ்ளம்' கிடைத்தது. திங்கட்கிழமை ஆய்வகத்தில் பிள்ளைகளையே அந்த பேக்ஸ்பேஸ் சோதனையைச் செய்ய வைக்கப் போகிறேன். அப்பா போனோடு வந்தவளுக்குத்தான் முதல் வாய்ப்பு.