மயில் தோகையில் பொன்னிறக் கோடுகளை மட்டும் எப்படித் தேர்வு செய்வது?

திருப்பூரில் 15 ஊசி எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வைத்துத் தொழில் செய்கிறேன். கணினியில் டிசைன் போடுவதை இப்போதுதான் கற்றுவருகிறேன். இதில் பழகிய அண்ணன்மாரும் அக்காமாரும் உதவ வேண்டும்.

குழந்தைகள் பனியனுக்கு ஒரு மயில். வந்த டி.எஸ்.டி. (மெஷின் படிக்கும் தையல் கோப்பு வகை) கோப்பில் தையல் புள்ளிகள்தான் இருந்தன. அதனால் முழுவதையும் புதிதாக வரைந்தேன். தோகையில் 27 கண்கள். ஒவ்வொன்றிலும் அடியில் பச்சை டாடாமி (பரப்பை நிரப்பும் தையல்), மேலே நீல வட்டம், சுற்றிலும் பொன்னிற சாட்டின் (நெருக்கமான, பளபளப்பான தையல்) கோடு. சாம்பிள் ஓட்டியபோது துணி இழுத்துக்கொண்டு, நீலத்துக்கும் கோட்டுக்கும் நடுவே நூலிழை அளவுக்குப் பச்சை எட்டிப்பார்க்கிறது. கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அகலத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும்.

அந்தத் தேர்வில்தான் சிக்கல். கட்டம் இழுத்தால் எல்லாமே சேர்ந்து வருகின்றன. கண்ட்ரோல் விசையுடன் ஒவ்வொன்றாகச் சொடுக்கினால், இருபதைத் தொடுவதற்குள் வெற்றிடத்தில் ஒரு சொடுக்கு விழுந்து அத்தனையும் கலைந்துவிடுகிறது. நிறப் பட்டியலில் பொன்னிறத்தைத் தொட்டால் அலகும் கொண்டையும் கூடவே வருகின்றன. அவை அழகாக விழுந்திருக்கின்றன, கை வைக்க மனமில்லை.

பச்சையை மட்டும் பூட்டிவைத்து வேலை செய்வது நல்லதா? நிறத்தோடு தையல் வகையையும் சேர்த்துத் தேர்வு செய்ய வழி உண்டா?

இன்னொன்று: ஒரு கண்ணை வெட்டி ஒட்டினேன், அது தையல் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. வீணாக இரண்டு நிறமாற்றம் கூடிவிட்டது. பழைய இடத்திலேயே எப்படி ஒட்டுவது?

திங்கட்கிழமை 80 பனியன் கொடுத்தாக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து விளக்கினால் பேருதவியாக இருக்கும்.