15 × 30 மீட்டர் குடோன்: ஷாப் டிராயிங்கில் எதை எதைக் காட்ட வேண்டும்?

மூலைமட்டம்:

கப்பலூர் சிட்கோவில் ஒரு பட்டறைக்கு ஷாப் டிராயிங் (இரும்பை வெட்டி, ஓட்டை போட்டு, வெல்டு செய்வதற்கான வரைபடம்) போட வேண்டும். வேலை திருமங்கலம் பக்கம் ஒரு நெல் குடோன். அகலம் தூண் மையத்துக்கு மையம் 15 மீட்டர், நீளம் 30 மீட்டர். 5 மீட்டருக்கு ஒரு தூண், இரண்டு பக்கமும் சேர்த்து 14. எல்லாம் ஐஎஸ்எம்பி 300 (300 மிமீ உயர ஐ வடிவ பீம்). மேலே முக்கோண டிரஸ் (கூரைச் சட்டம்), சரிவு 5-க்கு 1. டாப் கார்டும் பாட்டம் கார்டும் (டிரஸ்ஸின் மேல், கீழ் உறுப்புகள்) ஜோடி எல் வடிவ ஆங்கிள் 65×65×6, உள் உறுப்புகள் 50×50×6, கஸெட் (உறுப்புகளைச் சேர்க்கும் தகடு) 8 மிமீ. பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பிளானில், அதாவது கிடை அளவில், 1500 இடைவெளி.

கன்சல்டன்ட் தந்தது மூன்றே ஷீட். பெடஸ்டல் (தூணுக்கு அடியில் வரும் கான்கிரீட் மேடை) மேல்மட்டம் −0.300, கிரவுட் (பேஸ் பிளேட்டுக்கு அடியில் நிரப்பும் கலவை) 40, பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) 20, எம்24 ஆங்கர் போல்ட் நான்கு, தூண் தலை (கேப் பிளேட்டின் அடி) +6.000. இணைப்புகளுக்கு விசைகளை மட்டும் எழுதிவிட்டு, டீடெய்லிங் ஃபேப்ரிகேட்டர் பொறுப்பு என்று விட்டுவிட்டார். பெடஸ்டல் இன்னும் கான்கிரீட் போடவில்லை.

எந்த வரிசையில் டிராயிங் போடுவது? ஓட்டை அளவு, விளிம்பு தூரம், வெல்டு அளவு எல்லாம் எப்படி முடிவு செய்வது? பட்டறையில் ஆளாளுக்கு கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள், அதற்கு வழியே இல்லாமல் டிராயிங் வர வேண்டும். விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்க.

தூக்குக்குண்டு:

தம்பி, பெடஸ்டல் இன்னும் போடவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி. டிராயிங் வரிசையை அப்புறம் பார்ப்போம். முதலில் தூணின் வெட்டு நீளத்தைப் போட்டுப் பாருங்க.

−0.300-இல் பெடஸ்டல், மேலே 40 கிரவுட், அதற்கு மேல் 20 பிளேட். ஆக பிளேட்டின் மேல்முகம் −0.240. அங்கிருந்து +6.000 வரை 6240 மிமீ. பீம் 12 மீட்டர் பாராக வரும். ஒரு பாரில் ஒரு தூண், மிச்சம் 5760. 14 தூணுக்கு 14 பார் வாங்கி 80 மீட்டர் துண்டை மூலையில் அடுக்கி வைக்கப் போகிறீர்கள்.

பெடஸ்டலை 300 ஏற்றி ±0.000-க்குக் கொண்டுவந்தால் தூண் 5940. இரண்டு தூண் 11880, ரம்ப வெட்டுக்கு 3 மிமீ, பாரின் முனையைச் சதுரமாக்க நூறு மிமீக்கு மேல் மிச்சம். 7 பாரில் வேலை முடிந்தது. மீட்டருக்கு 46 கிலோ என்று வைத்தால் ஒரு பார் 552 கிலோ. ஏழு பார் என்றால் 3,864 கிலோ வாங்குவது மிச்சம். பேஸ் பிளேட்டும் சேற்றுத் தண்ணீருக்கு மேலே நிற்கும். ஆனால் இதை நாமாகச் செய்யக் கூடாது. பெடஸ்டல் உயரம் கூடினால் கம்பி கணக்கை கன்சல்டன்ட் திரும்பப் பார்க்க வேண்டும். எழுத்தில் கேளுங்க, எழுத்தில் பதில் வாங்குங்க. போனில் "சரி" என்று சொன்னதை வைத்து ஒரு வெட்டும் வெட்டாதீங்க. இரும்புக் கடையிலும் பார் உண்மையில் 12 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்க, 11 மீட்டரில் வரும் லோடும் உண்டு.

இனி வரிசை. முதலில் வெளியே போக வேண்டியது ஆங்கர் போல்ட் பிளான், சிவில்காரர் காத்திருப்பது அதற்குத்தான். அடுத்து மெட்டீரியல் லிஸ்ட், பட்டறை இரும்புக்கு ஆர்டர் போட. அப்புறம் மார்க் நம்பரோடு (ஒவ்வொரு உறுப்புக்கும் தரும் அடையாள எண்), சைட்டில் நிறுத்துவதற்கான எரெக்‌ஷன் பிளான். அதன் பிறகுதான் அசெம்பிளி ஷீட்டும், அதிலிருந்து தனித்தனி பார்ட் ஷீட்டும். பலர் பார்ட் ஷீட்டில் ஆரம்பித்து, மார்க் நம்பரைக் கடைசியில் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஆங்கர் போல்ட்டின் வெளிநீட்டம்: கிரவுட் 40, பிளேட் 20, பிளேட் வாஷர் 10, இரண்டு நட்டுக்கு 43, மூன்று மரை 9. மொத்தம் 122. கான்கிரீட் மட்டம் ஏறி இறங்குவதற்கும் சேர்த்து 140 என்று எழுதுங்க. மரையை 160 ஓட்டச் சொல்லுங்க, அப்போதுதான் பிளேட்டுக்கு அடியில் லெவலிங் நட்டு ஓடும். பேஸ் பிளேட்டில் ஓட்டை 32. 26 போட்டால் சைட்டில் கேஸ் கட்டர்தான் பேசும். மேலே 75×75×10 வாஷர், அதில் ஓட்டை 26, தூணைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்திய பிறகு சுற்றி வெல்டு. நான்கு போல்ட்டையும் 5 மிமீ டெம்ப்ளேட் தகட்டில் மாட்டியே கான்கிரீட்டில் இறக்க வேண்டும். அந்தத் தகட்டுக்கும் ஒரு ஷீட் போடுங்க.

சாக்பீஸ்கோடு:

தூணை அண்ணன் முடித்துவிட்டார். நான் டிரஸ்ஸுக்கு வருகிறேன், ஓட்டைகள் நழுவுவதெல்லாம் அங்கேதான்.

பாதி அகலம் 7500, ஏற்றம் 1500. சரிவு நீளம் 7648.5, கோணம் 11.31 டிகிரி. பிளானில் 1500 இருக்கும் பர்லின் சரிவில் 1529.7 ஆகிறது. அசெம்பிளி ஷீட்டில் "5 × 1500" என்று விட்டால், டாப் கார்டின் மேல் டேப் வைப்பவர் அதே 1500-ஐத்தான் வைப்பார். ஐந்தாவது கிளீட்டில் (பர்லினைப் பிடிக்கும் துண்டில்) 149 மிமீ பற்றாது. ஆகவே சரிவு அளவை, அதுவும் ஒரே புள்ளியிலிருந்து ஓட்டமாக எழுதுங்க: 1530, 3059, 4589, 6119, 7649. துண்டு துண்டாக 1530 எழுதினால் டேப்பை ஐந்து தடவை தூக்கி வைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் அரை மிமீ, ஒரு மிமீ சேரும். நீங்கள் கேட்ட கால்குலேட்டர் பிரச்சினைக்கு மருந்தும் இதுதான். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரே தொடக்கத்திலிருந்து ஒரு எண். கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

அடுத்து எந்தக் கோடு எந்தப் புள்ளியில் சேர்கிறது என்பது. வெல்டு டிரஸ்ஸில் சேர வேண்டியது ஆங்கிளின் முதுகு (மூலைப் பக்கம்) இல்லை, ஈர்ப்பு மையக் கோடு. 65×65×6-க்கு முதுகிலிருந்து 18.1 மிமீ, 50×50×6-க்கு 14.5. டிராயிங்கில் மையக் கோட்டை மட்டும் காட்டினால் போதாது, பட்டறை ஆள் ஆங்கிளில் பிடிப்பது முதுகுப் பக்கத்தைத்தான். கஸெட்டின் மேல் முதுகு எங்கே வரும் என்று இரண்டு முனையிலும் அளவு கொடுங்க. பட்டறைத் தரையில் ஒரு டிரஸ்ஸை முழு அளவில் சாக்பீஸில் போட்டு, மூலைவிட்டம் சரிபார்த்த பிறகே ஜிக் (உறுப்புகளை இடத்தில் பிடித்து வைக்கும் அமைப்பு) அடிக்கச் சொல்லுங்க. கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது என்பதற்காக இதை விட வேண்டாம்.

இன்னொன்று, 15 மீட்டர் டிரஸ் ஒரே துண்டாக சைட்டுக்கு வராது. உச்சியில் பிரித்து இரண்டு பாதி. பாதியே 7.5 மீட்டர், 20 அடி லாரி 6.1 மீட்டர்தான். 32 அடி வண்டி என்று மெட்டீரியல் லிஸ்ட்டிலேயே எழுதி வையுங்க. உச்சிக் கஸெட்டை இடது பாதியோடு பட்டறையில் வெல்டு செய்து, வலது பாதியில் ஓட்டை மட்டும். பாட்டம் கார்டு நடு இணைப்பும் அப்படியே.

ஜோடி ஆங்கிளில் ஒரு பொறி இருக்கிறது. முதுகோடு முதுகு சேர்ப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். முனை வெட்டோ ஓட்டையோ இருந்தால் கட்டிங் லிஸ்ட்டில் "எண்ணிக்கை 14" என்று போடக் கூடாது. "7 படத்தில் உள்ளபடி, 7 எதிர்க்கை" என்று போட வேண்டும். ஜோடிக்கு நடுவே கார்டுகளிலும் உள் உறுப்புகளிலும் 8 மிமீ பேக்கிங் (இடையில் வைக்கும் தகடு) வரும். அமுக்க உறுப்பில் 600-க்கு மிகாமல், இழு உறுப்பில் 1000-க்கு மிகாமல். இதைக் காட்டாத டிராயிங்தான் அதிகம்.

ரசமட்டம்:

ஓட்டை, வெல்டு கணக்கை நான் சொல்கிறேன். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 800:2007-இல் இருப்பதுதான்.

எம்16-க்கு ஓட்டை 18, எம்20-க்கு 22, எம்24-க்கு 26. ஓட்டை மையத்திலிருந்து விளிம்புக்கு, ரம்பத்திலோ மெஷின் கேஸ் கட்டரிலோ வெட்டிய விளிம்பானால் ஓட்டையின் 1.5 மடங்கு, ஷியரிலோ கை கட்டரிலோ வெட்டியதானால் 1.7 மடங்கு. எம்16-க்கு அது 27-ம் 31-ம். எந்த கட்டரில் வெட்டுவார்கள் என்று நமக்கு உறுதி கிடையாது, அதனால் 35 போடுங்க. எம்20-க்கு 40. போல்ட் இடைவெளி குறைந்தது விட்டத்தின் 2.5 மடங்கு, எம்16-க்கு 40. நடைமுறையில் 50 போட்டால்தான் ஸ்பேனர் நுழையும். 65 ஆங்கிளில் ஓட்டைக் கோடு முதுகிலிருந்து 35.

போல்ட் நீளத்தை "தேவைக்கேற்ப" என்று எழுதுவது சோம்பேறித்தனம். எம்20-க்கு, பிடிக்கும் தகடுகளின் மொத்த கனத்தோடு 26 சேருங்க: நட்டு 18, வாஷர் 3, இரண்டு மரை 5. வருவதற்கு அடுத்த கடை அளவை எழுதுங்க. நூறு போல்ட்டுக்கு நாலைந்து கூடுதலாகப் போடுங்க, சைட்டில் மண்ணுக்குள் போவது போகத்தான் செய்யும்.

வெல்டில், 6 மிமீ ஆங்கிளுக்கு "6 மிமீ ஃபில்லட்" (மூலையில் போடும் முக்கோண வெல்டு) என்று எழுதும் பழக்கம் நம்ம ஊரில் ரொம்ப. தவறு. ஆங்கிளின் உருண்டை முனையில் கனத்தின் முக்கால் பங்குதான், அதாவது 4.5. 4 என்று எழுதி நீளத்தைக் கூட்டுங்க. அந்த நீளத்தையும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்கக் கூடாது. ஈர்ப்பு மையம் முதுகுப் பக்கம் இருப்பதால் முதுகில் அதிகம் வேண்டும். 50×50×6-க்கு ஏறக்குறைய 71-க்கு 29. மொத்தம் 200 மிமீ தேவை என்றால் முதுகில் 140, முனையில் 60. பேஸ் பிளேட் 20 மிமீ ஆனதால் அங்கே ஃபில்லட் 5-க்குக் குறையக் கூடாது. இது குறைந்தபட்சம்தான், விசைக் கணக்கு கூட கேட்டால் கூடத்தான் போட வேண்டும். "சுற்றிலும் வெல்டு" என்ற வாசகத்தை டிராயிங்கிலிருந்தே எடுத்துவிடுங்க. எங்கே, எத்தனை மிமீ, எவ்வளவு நீளம், பட்டறையிலா சைட்டிலா, நான்கும் இருக்க வேண்டும்.

சாக்பீஸ்கோடு சொன்ன எதிர்க்கை விஷயம் தூணுக்கும் உண்டு. சைடு ரன்னர் (சுவர்த் தகட்டைத் தாங்கும் சட்டம்) கிளீட், பிரேசிங் (குறுக்குக் கட்டு) கஸெட் எந்த முகத்தில் என்பதைப் பொறுத்து இரண்டு வரிசைத் தூணும் மாறும். ஒரே ஷீட்டில் "எதிர்க்கை 7" என்று குறிப்பு போடுவது விதிப்படி சரிதான். ஆனால் எதிர்க்கை தூணுக்கு நான் தனி ஷீட் போடச் சொல்வேன். ஒரு ஷீட் அதிகமானால் ஒன்றும் குடிமுழுகாது. மார்க்கை பெயிண்டில் மட்டும் எழுதாமல் பஞ்ச் அடித்து, எல்லாத் தூணிலும் வடக்கு முகத்தில், அடியிலிருந்து 1 மீட்டரில் என்று இடத்தையும் சொல்லிவிடுங்க.

மூலைமட்டம்:

நன்றிண்ணே. பெடஸ்டலை ஏற்றக் கேட்டு இன்றே கன்சல்டன்ட்டுக்கு எழுதுகிறேன். இரண்டு சந்தேகம். அவர் மறுத்தால் 5760 துண்டுகளை என்ன செய்வது? இன்னொன்று, ஐஎஸ்எம்பி 300-க்கு என்னிடம் உள்ள பழைய அட்டவணையில் மீட்டருக்கு 44.2 கிலோ, அண்ணன் 46 போட்டிருக்கிறார். எது சரி?

ரசமட்டம்:

இரண்டும் அச்சில் இருப்பதுதான். பழைய எஸ்பி 6 அட்டவணையில் 44.2, வெப் (நடுத்தகட்டின் கனம்) 7.5, ஃபிளாஞ்ச் (மேல், கீழ்த் தகட்டின் கனம்) 12.4. ஐஎஸ் 808-இன் 1989 பதிப்பில் 46, வெப் 7.7, ஃபிளாஞ்ச் 13.1. உங்கள் 14 தூணுக்கு, 6240 நீளத்தில், வித்தியாசம் 157 கிலோ. பில் எந்த அட்டவணைப்படி என்று வேலைக்கு முன்பே பேசி, மெட்டீரியல் லிஸ்ட்டின் தலையில் எழுதிவிடுங்க. டீடெய்லிங்கிலும் கவனம் வேண்டும். ஃபிளாஞ்சுக்கு நடுவே போகும் ஸ்டிஃப்னர் (விறைப்பூட்டும்) தகட்டின் உயரம் ஒன்றில் 275.2, மற்றதில் 273.8. வந்த இரும்பை வெர்னியரில் அளந்துவிட்டு 272-க்கு வெட்டச் சொல்லுங்க, இடுக்கை வெல்டு நிரப்பும்.

தூக்குக்குண்டு:

மறுத்தால் 5760 துண்டோடு 480 ஒட்டித் தூண் ஆக்கலாம்தான். முழு ஊடுருவல் பட் வெல்டு (முனைக்கு முனை, முழுக் கனத்துக்கும் போடும் வெல்டு), அதுவும் எந்த உயரத்தில் என்று கன்சல்டன்ட் ஒப்புக்கொண்டால் மட்டும். ஏழு தூணில் ஏழு இணைப்பு, அதற்கு டெஸ்ட் வேறு. அதைவிட முகப்புச் சுவர்த் தூண்களுக்கு அந்தத் துண்டு பொருந்துமா என்று முதலில் பாருங்க.

டேப்பைப் பற்றி ஒன்று விட்டுப் போச்சு. ஆங்கர் போல்ட் பிளானின் கீழே "காலை 8 மணிக்கு முன் அளக்கவும்" என்று எழுதிவிடுங்க, சிரிக்க மாட்டார்கள். ஸ்டீல் டேப் 20 டிகிரிக்குச் சரியாக்கப்பட்டது. சித்திரை வெயிலில் தரையில் கிடந்த டேப் 45 டிகிரிக்குப் போனால் 30 மீட்டரில் 9 மிமீ நீளும், அளவு அந்த 9 மிமீ குறைவாகக் காட்டும். 32 ஓட்டையில் எம்24 போல்ட்டுக்கு நாம் கொடுத்த இடம் பக்கத்துக்கு 4 மிமீதான். ஒவ்வொரு 5 மீட்டரையும் தனித்தனியாக அளக்காமல் ஒரு மூலையிலிருந்து 5000, 10000, 15000 என்று ஓட்டமாக அளக்கச் சொல்லுங்க. இரண்டு மூலைவிட்டமும் 33541 வர வேண்டும்.

கான்கிரீட் போட்ட பிறகு போல்ட் உண்மையில் எங்கே நிற்கிறது என்று திரும்ப அளந்து, அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும்வரை பேஸ் பிளேட் ஷீட்டை "பிடித்து வைக்கவும்" என்று முத்திரை போட்டே அனுப்புங்க. தூண், டிரஸ் எல்லாம் ஓடட்டும். 14 தகட்டில் ஓட்டை போட ஒரு நாள் வேலைதான்.