படுவான்கரைப் பக்கம் சைக்கிளில் போனவர்கள் சொல்லுங்கள்: வழியில் யார் மறித்தார்கள்?

கல்லடியான்:

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் சைக்கிள் ஓட நல்ல பாதை எது என்று அடிக்கடி கேட்கிறார்கள். பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு, இந்தப் பாலங்களில் ஏதாவது ஒன்றால் வாவியைக் கடந்தால் அங்கால் எல்லாம் வயல்வெளி. கல்முனை வீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடினவருக்கு அந்த அமைதியே போதும். நான் கேட்க வந்தது வேறு. அந்த அமைதிக்குள் உங்களை யார் மறித்தார்கள், என்ன கேட்டார்கள்?

நான் போவது பெரும்பாலும் உன்னிச்சைக்கு. வலையிறவு, வவுணதீவு, ஆயித்தியமலை, அப்புறம் குளம். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை, காற்றுத்தான் மேடு. கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் விடியப்புறம் காற்று அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்துக்குள் மேற்கே போய்விட வேண்டும். வெயில் ஏறக் கச்சான் கிளம்பும், திரும்பி வரும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து விடும். மற்ற மாதங்களில் கதை வேறு. பகலானால் கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து நெஞ்சில் அடிக்கும். பத்து மணிக்குள் பாலத்துக்கு வந்துவிடப் பாருங்கள்.

ஆயித்தியமலைக்கு இப்பால், ஒரு மதகில் குந்தியிருந்த பெரியவர் கையைக் காட்டினார். அவருடைய பழைய லுமாலா சைக்கிள் பக்கத்தில் நின்றது. கரியரில் டியூப் பட்டியால் இறுக்கிய உரப்பை, ஹாண்டிலில் மண்வெட்டி.

“எங்க மனே போறாய்?”

“சும்மா, உன்னிச்சை மட்டும்.”

“ஆருக்கும் சுகமில்லையா?”

“இல்ல ஐயா. சைக்கிள் ஓடத்தான் வந்தன்.”

அவருக்கு அது ஒரு பதிலாகப் படவில்லை. எழுந்து வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். நகக்கண்ணில் சேறு காய்ந்திருந்த பெருவிரலால் டயரை அமத்தினார். ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல வைத்தார். “பாரமே இல்ல. கரியரும் இல்ல. மறுகா இத என்னத்துக்கு வெச்சிருக்காய்?”

நான் சிரித்துச் சமாளித்தேன். போக விடும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்: ராத்திரி இறங்கின தனியன் யானை இன்னும் காட்டுக்கு ஏறவில்லை, குளக்கட்டுப் பக்கம் போகாதே, ரோட்டாலேயே போய் ரோட்டாலேயே கிறுகி வா.

அங்கே சைக்கிள் என்றால் நெல், விறகு, தயிர்ச்சட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை. ஒன்றையும் ஏற்றாமல் ஒருவன் வேர்க்க வேர்க்க உழக்கிக்கொண்டு போனால் மறித்துக் கேட்கத்தான் செய்வார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வட்டைக்காரன், வவுணதீவு:

தனியன் கதை வந்தபடியால் எழுதுகிறேன். அமைதியான பாதை வேண்டும் என்று வருகிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. மோட்டார் சைக்கிள் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், அது ஒதுங்கும், அல்லது நாங்கள் ஒதுங்க நேரம் கிடைக்கும். சைக்கிள் சத்தமில்லாமல் போய் வளைவில் அதற்கு முன்னால் நிற்கும். அதனால்தான் எங்கள் ஆட்கள் காட்டோரப் பாதையில் சைக்கிளில் போகும்போது உரத்துக் கதைத்துக்கொண்டு போவது. தனியாகப் போகிறவர் பாட்டுப் பாடுவார். நல்லாப் பாடவேண்டும் என்றில்லை.

தாந்தாமலைப் பாதையில் பற்றையோரம் ஒரு நாள் போகும்போது மேலேயிருந்து, “டேய், நில்லுடா!” என்று சத்தம். அண்ணாந்து பார்த்தால் மரத்தில் காவல் பரண், அதில் சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு ஆள், கையில் யானை வெடி. நான் போகவிருந்த வளைவைக் காட்டி விரலை வாயில் வைத்தார். எனக்குப் பற்றை மட்டும்தான் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் பற்றைக்குள் ஒரு காது அசைந்தது. அவர் இறங்கச் சொல்லும்வரை பரணில் ஏறி இருந்தேன். ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர், பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியையும் எனக்கே ஊற்றித் தந்தார்.

மாரி வெள்ளாமை விளைந்து வெட்டு முடியும்வரை, மாசி பங்குனியில், கூடுதல் கவனம். விடிந்து நிலம் நன்றாக வெளித்த பிறகு வாருங்கள். மின்வேலி இருக்கிறது என்று நம்ப வேண்டாம், மரத்தைத் தள்ளி வேலிமேல் போட்டுவிட்டுக் கடந்து போகிற யானைகள் இவை.

ரீச்சர், களுவாஞ்சிக்குடி:

நான் ஓடுவது லேடீஸ் சைக்கிள்தான், முன்கூடையோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் குருமண்வெளியில் ‘பாதை’யில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், சைக்கிளை ஏற்றி மண்டூரில் இறங்குவேன். (மண்முனையில் 2014இல் பாலம் வந்தபின் அங்கே பாதை நின்றுவிட்டது. இங்கே இன்னும் பாதையில் ஏறித்தான் போகிறோம். அவசரக்காரருக்குப் பிடிக்காது, எனக்குக் கவலையில்லை.) மண்டூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டு வெள்ளாவெளி, பழுகாமம், பட்டிருப்புப் பாலத்தால் வீடு. ஆவணித் திருவிழா நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் சைக்கிளோடு போகாதீர்கள், உருட்டக்கூட இடமிருக்காது.

பாதை அழகு என்று எழுதுகிற ஆண்கள் ஒருவரும் எழுதாத விஷயம், பெண்களுக்கு வழியில் ஒதுங்க இடமில்லை. ஏதாவது ஒரு வீட்டுப் படலையில் நின்று கேட்கத்தான் வேண்டும். பழுகாமத்துக்குக் கிட்ட அப்படி ஒரு வீட்டில் கேட்டேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே வந்தால் தேத்தண்ணி தயார், சீனி கையில். அப்புறம் தொடங்கியது விசாரணை. எந்த ஊர், ஆற்ற மகள், தாய் எந்தக் குடி? குடியைச் சொன்னதும், “அப்ப நீ எனக்கு மகள் முறையல்லவா புள்ள!” என்று அடுப்படிக்குள் போனவர் கட்டித்தயிர்ச் சட்டி ஒன்றோடு வந்தார். முன்கூடையில் அது குலுங்காமல் பட்டிருப்பு வரைக்கும் நான் வந்த வேகத்தில் நடந்தே வந்திருக்கலாம்.

லொசான்வாசி:

அம்பிளாந்துறையில் பிறந்தவன், இப்போது சுவிஸில். கல்லடியான் கேட்ட கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தால் பதில் ஒரே சொல்லில் முடிந்துவிடும்: யாரும் மறிக்கவில்லை.

நான் ஓடுவது லவோ என்ற இடத்து முந்திரிகைத் (திராட்சை) தோட்டங்களுக்குள். லொசானின் கிழக்கு ஓரத்திலிருந்து ஷியோன் கோட்டை வரை, ஜெனீவா ஏரிக்கரையோடு ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு மலைச்சரிவு முழுக்கக் கல்லணை கட்டிய படிவரிசை. 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் தொடங்கிய வேலை என்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த வரிசைகளுக்கு நடுவே தோட்டக்காரர்களுக்காகப் போட்ட ஒடுங்கிய கொங்கிறீட் பாதைகள், கார் மிகக் குறைவு. மூன்று சூரியன் அங்கே என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டு வருவது ஒன்று, பகல் முழுக்கச் சூடேறிய கற்சுவர் மாலையில் விடுவது ஒன்று. மூன்றாவதை முழங்காலில் உணரலாம்.

ஆனால் ஏற்றம்! படுவான்கரையில் வளர்ந்த காலுக்கு அது தண்டனை. ரிவாவில் ஏரிக்கரையிலிருந்து மேலே ஷெப்ர் என்ற ஊருக்கு ஏறும்போது கடைசிக் கியரும் போதாது. இறங்கி உருட்டுவதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு புரட்டாதியில் அப்படி உருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டி கரகரவென்று ஏறியது. பின்னால் முந்திரிகைப் பெட்டிகள், முன்னால் ஒரு கிழவர். அவ்வளவு சரிவில் பழத்தை ஏற்ற வேறு வழியில்லை. அவர் என்னை முந்தினார், “பொன்ஜூர்” என்றார், போய்விட்டார். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. மரியாதைதான், குறை சொல்லவில்லை. பெரியவர் “ஆருக்கும் சுகமில்லையா?” என்று கேட்டதை வாசித்துவிட்டு இரண்டு தரம் சிரித்தேன்.

இன்னொன்று: வழியில் வைன் நிலவறைகள் திறந்திருக்கும், ருசி பார்க்கலாம். ஆனால் குடித்துவிட்டு ஓடினால் சைக்கிளுக்கும் பொலிஸ் தண்டம் எழுதும்.

உல்லைப் பையன், பொத்துவில்:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லோருக்கும். எங்கள் பக்கம் பாணமை ரோட்டு. மயில், எருமை, சில நேரம் யானை, இடையிடையே சைக்கிளை வாடகைக்கு எடுத்த வெள்ளைக்காரர். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னால் போனால் பாதயாத்திரைச் சனத்தைக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்தே நடந்து வருகிறவர்கள், உகந்தையில் தங்கிக் காட்டுக்குள் இறங்குவார்கள்.

ஒரு முறை வெறுங்காலோடு பின்தங்கி வந்த ஒரு அம்மாவின் பொட்டணியைக் கரியரில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு நடந்தேன். வேலாயுதத்தை மட்டும் தரவில்லை, அது அவர் கையிலேயே இருந்தது. நிழல் கண்ட இடத்தில் இருந்து சோற்றுருண்டையில் பாதியைத் தந்தார். கல்லடியான் காக்கா (அண்ணன்), உங்கள் சைக்கிளுக்கும் ஒரு கரியர் பூட்டுங்கள்.

கல்லடியான்:

பூட்டியாகிவிட்டது தம்பி. சைக்கிள் கடைக்காரர்தான் முகத்தைச் சுளித்தார்.

கியர் சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் ஊர்க்கடைப் பம்ப் அதற்குப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிறவல் ரோட்டில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பார், காற்றடிக்கத்தான் வழியிருக்காது. தண்ணீரும் வவுணதீவிலேயே நிரப்பிவிடுங்கள், அப்பால் கடைகள் தூரம் தூரம்.

கிரானால் குடும்பிமலைப் பக்கம் அண்மையில் சைக்கிளில் போனவர் இருந்தால் ரோட்டு எப்படியென்று போடுங்கள். மழை விட்டதும் போக யோசனை. ரீச்சர், அந்தத் தயிர் வீட்டுப் படலை எந்தப் பக்கம்?