அப்பா படுக்கையில் இருக்கும்போது நான் படம் வரையலாமா?

நீர்க்கோடு எழுதியது:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 11 மாதங்கள் ஆகின்றன. மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்கு ஓரளவு புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் ஒரே ஒரு சொல்தான் வருகிறது: "அதுதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் "அதுதான்", வலித்தாலும் "அதுதான்", என்னைக் கூப்பிடுவதும் "அதுதான்". குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிக்கிறேன்.

படுக்கைப் புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். என் நாள் முழுவதும் இந்த 2 மணி நேரத் துண்டுகளாகத்தான் ஓடுகிறது. ஒரு துண்டில் மருந்து, ஒரு துண்டில் பிசியோதெரபி, ஒரு துண்டில் வீட்டிலிருந்தபடி பார்க்கும் அலுவலக வேலை. இடையில் கிடைப்பதுதான் தூக்கம்.

இதற்கு முன் நான் வாட்டர்கலரில் படம் வரைவேன். கண்காட்சி வைக்கும் அளவுக்கெல்லாம் இல்லை. ஆனாலும் 15 வருடங்களாக விடாமல் வரைந்தவள். போன வாரம் ஒரு நள்ளிரவில் அலமாரியில் மாற்றுப் போர்வை தேடியபோது என் வண்ணப்பெட்டி கையில் தட்டுப்பட்டது. திறந்து பார்த்தேன். 12 கட்டிகளும் காய்ந்து, கோடை காலத்து ஏரி மண்ணைப் போல வெடித்துக் கிடந்தன. தூரிகை ஒன்றின் முடி ஒருபக்கமாக வளைந்து அப்படியே இறுகியிருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்கு இப்படி ஆன நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

மறுநாள் பெட்டியை மேசைமேல் எடுத்துவைத்தேன். பார்க்க வந்த உறவினர் ஒருவர் அதைக் கண்டுவிட்டு, "இந்த நேரத்திலா படம் போடப் போகிறாய்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்ததால் சுருக்கென்று தைத்தது. பெட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட காலத்தைக் கடந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நீங்கள் உங்களுக்கென்று ஏதாவது வைத்துக்கொண்டீர்களா? எப்போது செய்தீர்கள், எங்கே உட்கார்ந்து செய்தீர்கள்? செய்யும்போது மனம் உறுத்தவில்லையா? "உன்னையும் கவனித்துக்கொள்" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை.

---

அட்டைக்காரன் எழுதியது:

தங்கைக்கு, என் மனைவி இரண்டே கால் வருடம் படுக்கையில் இருந்தார். உங்கள் கேள்வியில் எங்கே, எப்போது என்று கேட்டிருப்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

நான் எழுதுகிறவன். முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு 3 மணி நேரம் உட்கார்ந்தால்தான் ஒரு பக்கம் வரும். அந்த 3 மணி நேரம் இனிக் கிடைக்காது என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு அரை வருடம் பிடித்தது. ஒருநாள் மருந்துப் பெட்டி ஒன்றைக் குப்பையில் போடப் பிரித்தபோது அதன் உட்புறம் வெள்ளையாக, எழுத்தே இல்லாமல் இருப்பதைப் பார்த்தேன். கத்தரியால் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அன்று கண்ட ஒரு காட்சியை 4 வரியில் எழுதினேன். சன்னல் கம்பியில் மழைத்துளி ஒன்று விழாமல் நெடுநேரம் தொங்கிக்கொண்டிருந்ததைப் பற்றி. அவ்வளவுதான். அதற்குமேல் அந்த அட்டையில் இடமும் இல்லை.

அந்தச் சிறிய அளவுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வெள்ளைத் தாள் முழுதாக எதிரில் இருந்தால் அதை நிரப்ப வேண்டுமே என்று மிரட்சியாக இருக்கும். உள்ளங்கை அட்டைக்கு 10 நிமிடம் போதும். நடுவில் எழுந்து போனாலும் நட்டமில்லை. ஆகவே நீங்களும் பெரிய தாளை எடுக்காதீர்கள். அஞ்சலட்டை அளவில் வெட்டிய தாள், ஒரே தூரிகை, ஒரு கிண்ணம் தண்ணீர். முக்கியமாக, பெட்டியை அலமாரிக்குள் வைக்காதீர்கள். அலமாரியைத் திறந்து, பொருள்களை எடுத்துப் பரப்பி, பிறகு மறுபடி அடுக்கவேண்டும் என்றால் களைத்த உடம்பு அதற்கு ஒப்பாது. கண்ணில் படும் இடத்தில் திறந்தபடியே இருக்கட்டும்.

மனம் உறுத்தியதா என்று கேட்டீர்கள். உறுத்தியது. அதனால் நான் ஒரு தவறு செய்தேன். எழுதுவதை மனைவியிடமிருந்து மறைத்தேன். அவர் வலியில் இருக்கும்போது நான் மழைத்துளியைப் பார்த்து மகிழ்ந்தேன் என்று தெரிந்தால் வருந்துவார் என்று எண்ணி, அவர் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றுகொண்டே எழுதுவேன். கடைசி மாதங்களில் ஒருநாள் அவரே கேட்டார்: "அந்த அட்டைகளை எனக்கு ஒருநாளும் வாசித்துக் காட்டவில்லையே?" எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து இரவில் இரண்டு மூன்றாக வாசித்தேன். 214 அட்டைகள் இருந்தன. முழுவதையும் வாசித்து முடிக்க எங்களுக்கு நாள் போதவில்லை.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள் அம்மா. இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

---

மறுகரை எழுதியது:

உறவினர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. 1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் சூசன் ஃபோக்மன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும், எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்தவர்களை வீட்டில் வைத்துப் பராமரித்த துணைவர்களைத் தொடர்ந்து பேட்டி கண்டார்கள். நோய்க்குச் சரியான மருந்து வராத காலம் அது. கேள்விகள் எல்லாம் துன்பத்தைப் பற்றியே இருந்தன. ஆய்வு தொடங்கிய சிறிது காலத்திலேயே பராமரிப்பவர்கள் குறுக்கிட்டார்கள். நல்லதாக நடப்பதைப் பற்றி நீங்கள் கேட்பதே இல்லையே, அதைக் கேட்காவிட்டால் நாங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறோம் என்பது உங்களுக்குப் புரியாது என்றார்கள். அதன்பிறகுதான் மனத்துக்கு இதமாக இருந்த ஒரு நிகழ்வைச் சொல்லும்படி ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். ஏறக்குறைய எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. பெரும்பாலும் மிகச் சாதாரணமான, அன்றாட நிகழ்வுகள்.

எனக்கு இதில் பிடித்தது, அந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான். துன்பத்தின் நடுவில் இருந்தவர்களே கேட்டு வாங்கினார்கள். அவர்களுடைய துயரம் அதனால் குறைந்துவிடவில்லை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில் இருந்தன.

இன்னொருவரையும் சொல்ல ஆசை. ஓவியர் மத்தீஸ் 1941-இல் வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பிறகு பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசிக் கொடுக்க, அவர் கத்தரியை எடுத்து அவற்றை வெட்டத் தொடங்கினார். இன்று உலகம் வியந்து பார்க்கும் அந்த வெட்டோவியங்கள் அப்படி வளர்ந்தவை.

---

கல்நெஞ்சில்லை எழுதியது:

மறுகரை சொன்ன ஆய்வை ஏற்கிறேன். மத்தீஸ் கதையைத்தான் ஏற்க முடியவில்லை. அது பொய் என்று சொல்லவில்லை. துன்பத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லும்போது என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும்.

என் தம்பி இறந்தபின் இரண்டு வருடங்கள் நான் வீணையைத் தொடவில்லை. அப்போது எனக்கு இதேபோன்ற மேதைகளின் கதைகளை நிறையப் பேர் சொன்னார்கள். ஒவ்வொரு கதையும் இன்னொரு பாரமாகவே வந்து இறங்கியது. துக்கத்தையும் சுமக்க வேண்டும், அதிலிருந்து கலையும் படைத்துக் காட்ட வேண்டும் என்றால் எப்படி? அந்த மேதைகளுக்குத் தாளுக்கு வண்ணம் பூசித் தர உதவியாளர்கள் இருந்தார்கள். நீர்க்கோடுக்கு அப்பாவைப் புரட்ட இரண்டாவது கை இருக்கிறதா? அதைத்தான் நாம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சகோதரி, அந்த உறவினரிடமே கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் அப்பாவின் அருகில் உட்கார முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். "உதவி தேவையென்றால் சொல்" என்பவர்களுக்கு என்ன செய்வதென்று உண்மையிலேயே தெரிவதில்லை. கிழமையையும் நேரத்தையும் குறித்துக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் வரைய வேண்டும் என்று கட்டாயமில்லை. தூங்குங்கள். வண்ணப்பெட்டி மூடியே இருந்தாலும் உங்கள்மேல் குற்றமில்லை.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலுமே பிடிப்பில்லை, நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, நாள் முழுதும் மனம் இருண்டே கிடக்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். நான் போகாமல் ஒரு வருடத்தைக் கழித்தேன். அது மனச்சோர்வு நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

---

சொல்லேணி எழுதியது:

நான் பேச்சுப் பயிற்சி தரும் பணியில் இருக்கிறேன். உங்கள் அப்பாவின் "அதுதான்" என்னை எழுத வைத்தது.

இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரே சொல் மட்டும் மிஞ்சுவதுண்டு. ஆனால் அவர்களில் சிலரால் பேச முடியாத சொற்களைப் பாட முடிகிறது. நெடுநாள் பழகிய பாட்டாக இருந்தால் வரிகள் இராகத்தோடு சேர்ந்து வந்துவிடும். இதை அடிப்படையாக வைத்து 1970-களில் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார்கள். சொற்றொடரை இராகம்போல இழுத்துச் சொல்லி, செயல்படும் இடக்கையால் தாளம் தட்டவைத்து, மெல்ல மெல்லப் பேச்சுக்குக் கொண்டுவருவது. எல்லோருக்கும் பலன் தருவதில்லை. தகுந்த பயிற்சியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அப்பாவோடு சேர்ந்து பாடிப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அவருக்குப் பழகிய பாட்டு ஒன்றை எடுங்கள். எதிரில் உட்காருங்கள், உங்கள் வாயசைவு அவருக்குத் தெரியட்டும். அவருடைய இடக்கையைப் பிடித்து ஒவ்வோர் அசைக்கும் மெதுவாகத் தட்டுங்கள். முதலில் வெறும் முனகல்தான் வரும். "எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். சோதனை என்று தெரிந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். வரியின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருங்கள். 10 நொடி, 15 நொடி. நமக்கு அந்த மௌனம் பொறுக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைவதற்கும் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வண்ணங்களைக் காட்டி எது என்று கேளுங்கள். விரலை நீட்டினால் போதும். பேச்சு போனதிலிருந்து அவரிடம் யாரும் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள்.

---

நீர்க்கோடு எழுதியது:

16 நாட்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. அட்டைக்காரன் ஐயா, உங்கள் பதிவைப் பலமுறை படித்தேன்.

முதலில் உறவினரிடம் கேட்டேன். சனிக்கிழமை மாலை வருகிறார். முதல் வாரம் அந்த ஒரு மணி நேரமும் தூங்கினேன்.

பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் திறந்தே வைத்தேன். வெடித்த கட்டிகளைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவின் மருந்தளக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு கட்டியின்மேலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். காய்ந்தாலும் அதிலுள்ள பிசின் தண்ணீரில் மறுபடி இளகும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அன்று அலமாரி முன்னால் அது நினைவுக்கே வரவில்லை. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பியபோது விரிசல்களின் ஓரம் மின்னிக்கொண்டிருந்தது. தூரிகையை நீலத்தின்மேல் வைத்தேன். முழுதாக ஏறியது.

அஞ்சலட்டை அளவுத் தாளில் கட்டில் விளிம்பில் தொங்கும் போர்வையின் மடிப்பை வரைந்தேன். சரியாக வரவில்லை. நிழல் அழுக்காகிவிட்டது. ஆனால் அந்தப் போர்வையை நான் 11 மாதங்களாகத் துவைத்து மடித்திருக்கிறேன். அதில் ஊதாக் கோடு ஒன்று ஓடுகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லேணி சொன்னபடி பச்சையையும் நீலத்தையும் காட்டினேன். இடக்கை விரலை நீலத்தின்மேல் வைத்து அழுத்தினார். விரல் நுனியில் ஒட்டிய நீலத்தைச் சிறிதுநேரம் பார்த்துவிட்டு, தாளின் ஓரத்தில் தேய்த்தார். "அதுதான்" என்றார். இம்முறை அதை வேறெந்தச் சொல்லாகவும் மாற்றிப் புரிந்துகொள்ளத் தேவைப்படவில்லை.

பாட்டும் முயன்றோம். சின்ன வயதில் என்னைத் தூங்கவைக்க அவர் பாடிய பாட்டு. நான்கு நாட்கள் முனகல்தான். ஐந்தாம் நாள் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். வந்தது. மறுநாள் வரவில்லை. நேற்று இரண்டு முறை வந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம் நாள் கேட்டிருக்கிறேன்.

மனம் உறுத்துவது முழுக்கப் போய்விடவில்லை. புரட்டும் நேரம் தவறிவிடுமோ என்ற பயத்தில் அலாரம் அடிப்பதற்கு முன்பே இரண்டு முறை எழுந்துவிட்டேன். ஒரு படத்தில் வானம் பாதியில் நின்று காய்ந்துவிட்டது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். அப்பா விரலால் அழுத்தித் தேய்ப்பதால் என்னிடம் இருக்கும் தாள் நைந்து நைந்து பிய்கிறது. எந்தத் தாள் தாங்கும்?

---

அட்டைக்காரன் எழுதியது:

300 கிராம் தாள் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்) என்று கேட்டு வாங்குங்கள் அம்மா, அதிலும் பருத்தியில் செய்தது. விரல் தேய்த்தாலும் சீக்கிரம் பிய்யாது. முழுத் தாளாக வாங்கி நீங்களே வெட்டிக்கொண்டால் செலவு குறையும். அந்த நீலத்தில் கூடுதலாக ஒரு கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.